வாசகர் வாக்கில் மக்கள் மனம் கவர்ந்த கால்பந்து வீரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து ஆட்டக்காரர்களிலும் அணிகளிலும் யாரை மக்கள் அதிகம் விரும்புகிறார்கள் என்று வாசகர்களிடமே கேட்டு, வந்து சேர்ந்த வாக்குகளை எண்ணிப் பட்டம் வழங்கும் பழக்கம் செய்தித்தாள்களிடம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் 1927இலும் 1930இலும் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளை முதன்மையாக எடுத்துக்கொண்டு, பின்னாளில் பிற நாடுகளில் நடந்தவற்றையும் தேவையான இடங்களில் ஒப்பிட்டு, வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

மிகப் பிரபலமான ஆட்டக்காரர் விருதும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஒன்றுதானா?

இல்லை. சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் விருதுகளில் வாக்குரிமை ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கியிருக்கும். பிரான்சின் ஃபிரான்ஸ் ஃபுட்பால் இதழ் 1956இல் தொடங்கிய பலோன் தோர் விருதுக்குப் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கிறார்கள். இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கம் தன் உறுப்பினர்களின் வாக்கைக் கொண்டு ஒரு விருதைத் தருகிறது. வாசகர் வாக்கு விருதில் இந்த வட்டம் கிடையாது. நாளிதழில் அச்சாகும் வாக்குக் கூப்பனை வெட்டத் தெரிந்த எவரும் வாக்காளரே.

ஆனால் இரண்டுக்கும் நடுவே உள்ள வேலி நாம் நினைக்குமளவுக்கு உயரமானது அன்று. முதல் பலோன் தோர் விருதைப் பெற்ற ஸ்டான்லி மேத்யூஸ் அப்போது 41 வயதுக்காரர். அவர் பெற்ற புள்ளிகள் 47, இரண்டாம் இடம் பெற்ற ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ பெற்றவை 44. அந்த ஆண்டுதான் டி ஸ்டெஃபானோவின் ரியல் மாட்ரிட் முதலாவது ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. வாக்களித்த பத்திரிகையாளர்கள் அந்த ஓராண்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தார்களா, மேத்யூஸ் மீது இருந்த நெடுநாள் மதிப்பையும் சேர்த்தார்களா என்ற ஐயம் எனக்கு உண்டு. வல்லுநர்களுக்கும் பிடித்த ஆள் என்று ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

செய்தித்தாள் இந்த வாக்கெடுப்பை எதற்காக நடத்துகிறது?

முதற்காரணம் விற்பனை. வாக்குச்சீட்டு நாளிதழின் ஒரு மூலையில் அச்சாகிறது. ஒரு பிரதிக்கு ஒரு சீட்டு என்பதால், தன் ஆட்டக்காரருக்குப் பத்து வாக்குப் போட விரும்பும் ரசிகர் பத்துப் பிரதிகள் வாங்க வேண்டும், அல்லது பத்து வீடுகளில் படித்து முடித்த தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும். இடையிடையே வெளியாகும் வாக்கு நிலவரம் அடுத்த வாரத்துக்கான செய்தியாகவும் ஆகிவிடுகிறது. பின்தங்கியிருக்கும் அணியின் ரசிகர்கள் அதைப் படித்துவிட்டு இன்னும் வேகமாகச் சீட்டுச் சேர்க்கிறார்கள், முந்தியிருப்பவர்களும் சும்மா இருப்பதில்லை. ஆட்டமே இல்லாத நாட்களிலும் கால்பந்துப் பக்கத்துக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது.

இதோடு ஒரு விளம்பர நிறுவனமும் சேர்ந்துகொள்வது வழக்கம். ரியோவின் 1927 வாக்கெடுப்பில் ஜொர்னல் டு பிரசில் நாளிதழோடு சலுத்தாரிஸ் என்ற மினரல் வாட்டர் நிறுவனம் கைகோத்தது, பரிசுக் கோப்பைக்கும் அந்த நிறுவனத்தின் பெயரே வைக்கப்பட்டது. வணிக நோக்கம் இருப்பதனாலேயே வாக்கெடுப்பு பொய்யானது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஆனால் முடிவைப் படிக்கும்போது, எண்ணப்பட்டது தலைகள் அல்ல, வாங்கப்பட்ட பிரதிகள் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ரியோவில் 1927இல் நடந்தது என்ன?

அந்த ஆண்டு ஜொர்னல் டு பிரசில் தன் வாசகர்களிடம் கேட்டது ஆட்டக்காரரைப் பற்றியன்று, பிரேசில் மக்கள் அதிகம் நேசிக்கும் கால்பந்து அணி எது என்பதை. ஆயினும் பின்னாளில் ஆட்டக்காரர்களுக்காக நடந்த இத்தகைய போட்டிகளின் குணம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே தென்படுவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போட்டி இறுதியில் ஃபிளமெங்கோ, வாஸ்கோ ட காமா ஆகிய இரண்டு அணிகளுக்கு இடையிலான மோதலாக முடிந்தது. இரண்டுமே படகோட்டும் கழகங்களாகத் தொடங்கியவை. ஃபிளமெங்கோ 1895இலும் வாஸ்கோ 1898இலும் நிறுவப்பட்டன. ரியோவின் மற்றோர் அணியான ஃப்ளுமினென்ஸிலிருந்து மனக்கசப்புடன் வெளியேறிய ஆட்டக்காரர்கள் 1911இல் வந்து சேர்ந்த பிறகுதான் ஃபிளமெங்கோவுக்குக் கால்பந்துப் பிரிவு உண்டாயிற்று. வாஸ்கோ, ரியோவில் கடை வைத்தும் கூலிவேலை செய்தும் பிழைத்துவந்த போர்ச்சுகீசியக் குடியேறிகளின் கழகம். அது முதற்பிரிவுக்கு உயர்ந்த முதல் ஆண்டான 1923இலேயே, கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஏழைத் தொழிலாளர்களும் கொண்ட அணியை வைத்து நகரச் சாம்பியன் பட்டத்தை வென்றது. அதை விரும்பாத பெரிய அணிகள் 1924இல் தனிச் சங்கம் ஒன்றை அமைத்து, வாஸ்கோ உள்ளே வர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தன. கழகத் தலைவர் ஜொஸே அவுகுஸ்து பிரெஸ்தெஸ் 1924 ஏப்ரல் 7 அன்று எழுதிய கடிதத்தில் அதை மறுத்து, அந்தச் சங்கத்தில் சேரப்போவதில்லை என்று அறிவித்தார். பிரேசில் கால்பந்து வரலாற்றில் இன்றும் பெருமையோடு எடுத்துக்காட்டப்படும் கடிதம் அது. அடுத்த ஆண்டே வாஸ்கோ அந்தச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. சொந்த மைதானம் இல்லை என்ற குறையும் தீர வேண்டும் என்று ரசிகர்கள் பணம் திரட்ட, சாவ் ஜனுவாரியு மைதானம் 1927 ஏப்ரல் 21 அன்று திறக்கப்பட்டது.

ஆகவே அந்த ஆண்டு வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டபோது, மைதானம் கட்டுவதற்கே காசு திரட்டிப் பழகிய ஒரு கூட்டம் வாஸ்கோவின் பின்னால் நின்றது. கூப்பன் சேர்ப்பது அவர்களுக்குப் பெரிய வேலை அன்று. போர்ச்சுகீசியர் நடத்திய கடைகளில் எல்லாம் வாக்குகள் குவிந்தன என்று சொல்லப்படுகிறது. இருந்தும் கோப்பையை வென்றது ஃபிளமெங்கோ.

ஃபிளமெங்கோ எப்படி வென்றது? ஏமாற்றியா?

ஃபிளமெங்கோ ரசிகர்களே பல தலைமுறைகளாகச் சிரித்துக்கொண்டு சொல்லிவரும் கதை இது. அந்த அணியின் இளைஞர்கள் சிலர் சட்டையில் வாஸ்கோ சின்னத்தைக் குத்திக்கொண்டு, போர்ச்சுகீசியர் பேசுவதைப் போல உச்சரிப்பை மாற்றிக்கொண்டு, நாளிதழ் அலுவலக வாசலில் நின்றார்களாம். கட்டுக் கட்டாக வாக்குகளைக் கொண்டுவந்த அப்பாவி வாஸ்கோ ரசிகர்களிடம் "கொடுங்கள், நாங்களே உள்ளே சேர்த்துவிடுகிறோம்" என்று வாங்கி, கழிப்பறையிலும் லிஃப்ட் இறங்கும் குழியிலும் கொட்டிவிட்டார்களாம்.

எத்தனை வாக்குகள் இப்படி அழிந்தன என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது, இருக்கவும் முடியாது. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்திருக்கும் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. மேலும், 1927இல் ரியோ சாம்பியன் பட்டத்தையும் ஃபிளமெங்கோவே வென்றது. அந்த அணிக்கு உண்மையான ஆதரவு இல்லாமல் திருட்டால் மட்டுமே கோப்பை வந்தது என்று சொல்வது பொருந்தாது. நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. வென்றவர்கள் இந்தக் குறும்பை மறைக்கவில்லை, தம் பெருமைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். மக்களின் பேரன்பைப் பெற்ற அணி என்ற பட்டத்தை ஃபிளமெங்கோ இன்றும் தன் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. ஆடுகளத்தில் கையால் போட்ட கோலுக்காக வெட்கப்படுகிறவர்கள்கூட வாக்குப்பெட்டியில் செய்த கைவேலைக்காக வெட்கப்படுவதில்லை என்பது இந்த வகை விருதுகளின் விசித்திரம்.

ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பு எப்போது நடந்தது? யார் வென்றார்?

மூன்று ஆண்டுகள் கழித்து, 1930இல், மன்றோ என்ற சிகரெட்டைத் தயாரித்த நிறுவனம் நாட்டின் மிகப் பிரபலமான கால்பந்து வீரர் யார் என்ற போட்டியை நடத்தியது. இங்கே வாக்குரிமையைத் தந்தது நாளிதழன்று, சிகரெட் பெட்டி. ஆனால் முறை அதே முறைதான். பல லட்சம் வாக்குகள் பெற்று வென்றவர் வாஸ்கோவின் முன்கள ஆட்டக்காரரான ருஸ்ஸின்யு. பரிசு ஒரு கிறைஸ்லர் கார்.

ருஸ்ஸின்யு வெறும் கூட்டத்தால் உயர்த்தப்பட்டவர் அல்லர். 1929இல் வாஸ்கோ ரியோ சாம்பியனானபோது அந்த அணியின் தாக்குதலுக்குத் தலைமை வகித்தவர், 1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில் பொலிவியாவுக்கு எதிராகப் பிரேசில் 4-0 என வென்ற ஆட்டத்தில் ஆடியவர். 1931 ஏப்ரலில் ஃபிளமெங்கோவை வாஸ்கோ 7-0 என நசுக்கியபோது நான்கு கோல்கள் அவருடையவை. ஆனால் அதே உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக முதல் கோலை அடித்த ஃப்ளுமினென்ஸ் அணியின் பிரெகின்யுவும், நடுக்களத்தில் வியக்கவைத்த ஃபவுஸ்துவும் அவரைவிடக் குறைந்தவர்கள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஃபவுஸ்துவும் வாஸ்கோக்காரரே என்பதைப் பார்க்கும்போது, அணியின் ஆதரவு மட்டும் போதாது, அந்த அணியிலும் கோல் அடிப்பவராக இருக்க வேண்டும் என்பது தெளிவாகிறது.

பரிசாகக் கார் கொடுத்தது அன்று பெரிய பேச்சாக இருந்தது. பிரேசில் கால்பந்தில் தொழில்முறை ஆட்டம் வெளிப்படையாக ஏற்கப்பட்டது 1933இல்தான். அதற்கு முன்பு ஆட்டக்காரர் சம்பளம் வாங்குவது சட்டப்படி தவறு, திரைமறைவில் வாங்கினார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அந்தச் சூழலில் ஒருவர் பகிரங்கமாக ஒரு காரைப் பெற்றுக்கொண்டு போக முடிந்தது, ஏனெனில் அதைக் கொடுத்தது கழகம் அன்று, ரசிகர்களின் வாக்கு. அந்தக் கார் சாம்பா பாட்டொன்றில் கேலிக்குரிய வரியாகவும் இடம்பிடித்தது.

கோல்காப்பாளர்களும் தற்காப்பு ஆட்டக்காரர்களும் ஏன் இத்தகைய விருதுகளை அரிதாகவே வெல்கிறார்கள்?

ரசிகர் நினைவில் நிற்பது கோல். தடுக்கப்பட்ட கோலை மறுநாள் நாளிதழும் பெரிதாக எழுதுவதில்லை. இதற்கு மேல் இதில் மர்மம் எதுவும் இல்லை.

ஒருவரே பல வாக்குகள் போடுவது முறைகேடு ஆகாதா?

நடத்துபவர் வகுத்த விதியைப் பொறுத்தது அது. ஒரு பிரதிக்கு ஒரு வாக்கு என்று விதி சொல்லும்போது, நூறு பிரதி வாங்கி நூறு வாக்குப் போடுபவர் விதியை மீறவில்லை. அவர் தன் பணத்தையும் நேரத்தையும் செலவழித்துத் தன் விருப்பத்தின் அளவைக் காட்டியிருக்கிறார். தேர்தலில் இது கொடுமை, விளையாட்டு விருதில் இது ஏற்கத்தக்கது என்பது என் கருத்து. ஏனெனில் இங்கே அளக்கப்படுவது எத்தனை பேர் என்பது மட்டுமன்று, எவ்வளவு ஆழமாக என்பதும்தான். பிறருடைய வாக்கை அழிப்பதும், இல்லாத பெயர்களில் வாக்குப் போடுவதும் வேறு கதை. ரியோ இளைஞர்களின் குறும்பு அத்தகைய முறைகேட்டைச் சேர்ந்தது, எவ்வளவுதான் சிரிப்பூட்டினாலும்.

செய்தித்தாளே வாக்கை ஒருபக்கம் சாய்த்த சம்பவம் உண்டா?

உண்டு. அதற்குக் கால்பந்திலிருந்து சற்று விலகி அமெரிக்க பேஸ்பாலுக்குப் போக வேண்டும். 1957இல் அங்கே பல அணிகளின் சிறந்த வீரர்கள் சேர்ந்து ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கான தொடக்க வீரர்களை ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். சின்சினாட்டி நகரத்தின் என்குவயரர் நாளிதழ், உள்ளூர் அணியான ரெட்ஸின் ஆட்டக்காரர்களின் பெயர்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்ட வாக்குச்சீட்டுகளை அச்சிட்டுத் தந்தது. வாசகர் செய்ய வேண்டியது அதை வெட்டி அனுப்புவது மட்டுமே. எட்டு இடங்களில் ஏழு ரெட்ஸ் ஆட்டக்காரர்களுக்குப் போயின. தப்பிய ஒரே வெளியாள் செயின்ட் லூயிஸ் அணியின் ஸ்டான் மியூசியல். வந்த வாக்குகளில் பாதிக்கும் மேல் சின்சினாட்டியிலிருந்தே வந்தவை என்று விசாரணையில் தெரிந்தது. பேஸ்பால் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் தலையிட்டு, தேர்வானவர்களில் கஸ் பெல், வாலி போஸ்ட் ஆகிய இருவரைத் தொடக்க அணியிலிருந்து நீக்கி, பிற அணிகளின் வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் சேர்த்தார். பின்னர் ரசிகர்களின் வாக்குரிமையே பறிக்கப்பட்டு, 1970இல்தான் திரும்பக் கிடைத்தது.

இங்கே தவறு ரசிகர்களுடையதா? என் பார்வையில் பெரும்பங்கு நாளிதழுடையது. உள்ளூர் அணியை ஆதரித்துத் தலையங்கம் எழுதுவது அதன் உரிமை. வாசகரின் விரலைப் பிடித்து வாக்குச்சீட்டில் குறிவைப்பது அந்த உரிமைக்குள் வராது. தண்டனையோ நாடு முழுவதும் உள்ள ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு விதிக்கப்பட்டது.

வாசகர்கள் வல்லுநர்களைவிடச் சரியாகத் தேர்ந்தெடுத்த சந்தர்ப்பம் ஏதேனும் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் அழுத்தமான ஒன்று. பிரான்சில் ஓன்ஸ் என்ற கால்பந்து மாத இதழ் 1976 முதல் தன் வாசகர்களின் வாக்கைக் கொண்டு ஓன்ஸ் தோர் என்ற விருதை வழங்கிவந்தது. அதே நாட்டின் பலோன் தோர் விருதோ 1995 வரை ஐரோப்பிய நாட்டவர்க்கு மட்டுமே உரியது. இதன் விளைவை 1986இல் பார்க்கலாம். மெக்சிகோ உலகக் கோப்பையை அர்ஜென்டினாவுக்கு ஏறக்குறைய தனியாளாக வென்று தந்த டியேகோ மாரடோனாவின் பெயரைப் பத்திரிகையாளர்கள் வாக்குச்சீட்டில் எழுதவே முடியாது. அந்த ஆண்டு பலோன் தோர் சோவியத் ஒன்றியத்தின் இகோர் பெலானோவுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு, நாப்போலி அணி மாரடோனாவின் கால்களால் தன் முதல் இத்தாலியச் சாம்பியன் பட்டத்தை வென்றும், விருது ரூட் குல்லிட்டிடம் சென்றது. ஓன்ஸ் வாசகர்களோ இரண்டு ஆண்டுகளிலும் மாரடோனாவையே தேர்ந்தெடுத்தார்கள்.

பெலானோவ் நல்ல ஆட்டக்காரர், டைனமோ கீவ் அணியுடன் அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை ஒன்றையும் வென்றவர். அவரைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1986இன் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று இன்று எந்தத் தேநீர்க் கடையில் கேட்டாலும் கிடைக்கும் விடை வாசகர்கள் அன்று சொன்ன விடைதான். விதியால் கட்டுண்ட வல்லுநர்கள் தவறவிட்டதை, விதி இல்லாத கூட்டம் எளிதாகச் சொல்லிவிட்டது.

வாக்கு இணையத்துக்கு மாறிய பிறகு என்ன மாறியது?

கூப்பனுக்கு இருந்த விலை போயிற்று. முன்பு வாக்குக்கு ஒரு பிரதி வாங்க வேண்டியிருந்தது, இப்போது கைப்பேசியில் ஒரு தொடுகை போதும். அதனால் மக்கள்தொகையும், சமூக ஊடகத்தில் பின்தொடர்வோர் எண்ணிக்கையும் முன்பைவிட அதிகம் பேசுகின்றன.

இதன் நல்ல பக்கத்தை ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதில் காணலாம். ஆண்டின் அழகிய கோலுக்கான இந்த விருது 2009இல் தொடங்கியது, வெற்றியாளரை ரசிகர் வாக்கே முடிவுசெய்தது. மலேசியாவின் பினாங்கு அணிக்காக முகமது ஃபாயிஸ் சுப்ரி 2016 பிப்ரவரியில் பஹாங் அணிக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக், காற்றில் ஒரு திசையில் கிளம்பி நடுவழியில் எதிர்த்திசைக்கு வளைந்து வலைக்குள் சென்றது. 59.46 விழுக்காடு வாக்குகளுடன் அவர் வென்று, 2017 ஜனவரியில் சூரிச் மேடையில் ரொனால்டோக்களுக்கு நடுவே நின்று பரிசு வாங்கினார். நடுவர் குழு மட்டும் முடிவு செய்திருந்தால் மலேசிய லீக் ஆட்டம் ஒன்று அந்த மேடைக்கு வந்திருக்குமா என்பது ஐயமே.

மறுபக்கம் 2018இல் வெளிப்பட்டது. கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கேரத் பேல் அடித்த தலைகீழ் உதையும், யுவென்டஸுக்கு எதிராகக் கிறிஸ்டியானோ ரொனால்டோ அடித்த அதே வகைக் கோலும் பட்டியலில் இருக்க, லிவர்பூல் அணியில் ஆடிய எகிப்து நாட்டவரான முகமது சலா எவர்ட்டனுக்கு எதிராக அடித்த கோல் வென்றது. நல்ல கோல்தான், ஆனால் அந்த ஆண்டு சலாவே அதைவிட அழகாக அடித்த கோல்கள் உண்டு. எகிப்தும் லிவர்பூலும் சேர்ந்து வாக்களித்தால் என்ன ஆகும் என்பதை உலகம் கண்டது. அடுத்த ஆண்டு ஃபிஃபா முறையை மாற்றி, ரசிகர்கள் முன்னணிக்குக் கொண்டுவந்த மூன்று கோல்களிலிருந்து முன்னாள் ஆட்டக்காரர்களின் குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி செய்தது.

வாக்குகளை எண்ணிய பிறகு நடத்துபவரே முடிவை மாற்றியதாகச் சொல்லப்படுவது எது?

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ, ரசிகர் வாக்கில் ஆண்டின் சிறந்த பதினொருவரைத் தேர்ந்தெடுத்துவந்தது. 2019ஆம் ஆண்டுக்கான அணி 2020 ஜனவரியில் வெளியானபோது, வழக்கமான 4-3-3 அமைப்புக்கு (தற்காப்பில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர்) பதிலாக 4-2-4 அமைப்பில் இருந்தது. மெஸ்ஸி, மானே, லெவான்டோவ்ஸ்கி ஆகியோரோடு ரொனால்டோவும் முன்களத்தில் இருந்தார். வாக்குக் கணக்கில் முன்களத்தின் முதல் மூவருக்குள் ரொனால்டோ வரவில்லை, அவரைச் சேர்ப்பதற்காகவே நடுக்களத்தில் ஓர் இடம் குறைக்கப்பட்டு என்கோலோ கான்ட்டே வெளியே போனார் என்று பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்று எழுதியது. ரசிகர் வாக்குகளோடு தேசிய அணிகளுக்கான போட்டிகளில் ஆட்டக்காரர்கள் சாதித்ததையும் கருத்தில் கொண்டே அமைப்பு தீர்மானிக்கப்பட்டது என்று சங்கம் விளக்கம் அளித்தது. ரொனால்டோ அந்த ஆண்டு போர்ச்சுகலுடன் நேஷன்ஸ் லீக் வென்றவர் என்பது உண்மைதான்.

ஆனால் அந்த அளவுகோலை வாக்களிப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். லிஃப்ட் குழியில் கூப்பன் கொட்டிய இளைஞர்களைவிட இதை நான் கடுமையாகவே பார்க்கிறேன். அவர்கள் போட்டியாளர்கள், இவர்கள் நடத்துபவர்கள்.

ரசிகர் வாக்கையும் நடுவர் தீர்ப்பையும் ஒன்றாகக் கலப்பது நல்லதா, தனித்தனியாக வைப்பது நல்லதா?

ஃபிஃபா கலக்கிறது. அதன் சிறந்த வீரர் விருதில் 2016 முதல் தேசிய அணிகளின் பயிற்சியாளர்கள், தலைவர்கள், பத்திரிகையாளர்கள், ரசிகர்கள் என நான்கு தரப்புக்கும் தலா 25 விழுக்காடு மதிப்பு தரப்பட்டது. கோடிக்கணக்கான ரசிகர்கள் சேர்ந்து பெறும் மதிப்பு, சுமார் இருநூறு அணித்தலைவர்கள் பெறும் மதிப்புக்குச் சமம். ஒரு ரசிகரின் வாக்கு இதில் எவ்வளவு கரைந்துபோகும் என்பதை யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தனித்தனியாக வைக்கும் முறைக்கு நமக்கு அருகிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு, கிரிக்கெட்டில். இலங்கையின் சண்டே ஒப்சர்வர் வாரஇதழ் 1979 முதல் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. முதல் விருதைப் பெற்றவர் ரோயல் கல்லூரியின் ரஞ்சன் மடுகல்ல. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முத்தையா முரளிதரன் 1991இல் அதைப் பெற்றார். இந்த முதன்மை விருதை முடிவுசெய்வது தேர்வுக் குழு. இதன் பக்கத்திலேயே, வாசகர்கள் இதழில் வரும் கூப்பனை நிரப்பி அனுப்பித் தேர்ந்தெடுக்கும் மிகப் பிரபலமான பாடசாலை வீரர் என்ற தனி விருதும் இருக்கிறது. பாடசாலையின் பழைய மாணவர்கள் எவ்வளவு கூப்பன் சேர்த்தாலும் முதன்மை விருதை அசைக்க முடியாது. அதே சமயம் அந்தக் கூப்பன்கள் வீண்போவதும் இல்லை. எனக்கு இந்த முறையே பிடித்திருக்கிறது. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன, ஒன்று மற்றதைக் கெடுப்பதில்லை.

ஒரு வாக்கெடுப்பின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பெயர்ப்பட்டியலைத் தயாரித்தது யார் என்று பார்க்க வேண்டும். பத்துப் பெயர்களை நடத்துபவர் கொடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும், வெற்றுக் கோட்டில் வாசகரே பெயர் எழுதுவதும் வெவ்வேறு வாக்கெடுப்புகள். பழைய கூப்பன்களில் இருந்த வெற்றுக் கோடு இன்று பெரும்பாலும் காணாமல் போய்விட்டது, அது இழப்புத்தான். அடுத்து, ஒருவர் எத்தனை முறை வாக்களிக்கலாம் என்பது முன்னதாகவே அறிவிக்கப்பட்டதா, இரண்டாம் மூன்றாம் இடங்களின் கணக்கும் வெளியிடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வென்றவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எண்ணிக்கையை மறைக்கும் வாக்கெடுப்பை நான் பொருட்படுத்துவதில்லை. வாக்குப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே விதி மாறினால், இறுதி நாளைத் தள்ளிப்போட்டால், அதன் காரணத்தை நடத்துபவரிடம் எழுதிக் கேட்கலாம். நாளிதழாக இருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதும் பகுதி இருக்கவே இருக்கிறது.